துக்க வீட்டுக்குப் போன அப்பம்

ஏலிக்குட்டிக்கு வயது அறுபத்திரண்டு. முழங்கால்களைக் கேட்டால் எண்பது என்று சொல்லும். தண்ணீர் சூழ்ந்த குட்டநாட்டில் பிறந்து, படகில் உட்கார்ந்தபடியே மாதா கோயிலுக்கும் சந்தைக்கும் போய்வந்து வளர்ந்தவள். அவளைக் கொண்டுவந்து, ஒரு பொட்டலம் உப்பு வாங்கக்கூட ஏறி இறங்கவேண்டிய இந்த மலைச்சரிவில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளை அவுதா நல்லவன், அதிர்ந்து பேசமாட்டான். ஆனால் ரோஷக்காரன். அந்த ரோஷம்தான் பிறகு எல்லாருக்குமாகச் சேர்ந்து விளைந்தது.

அவுதா பக்கவாதம் வந்து படுக்கையில் விழுந்த நாளிலிருந்து ரப்பர் மரங்களுக்குக் கத்தி போடுவது ஏலிக்குட்டியின் வேலையாயிற்று. விடியுமுன் பால் வெட்டு, பிறகு பாலை உறையவைத்து ஷீட் அடிப்பது, அதைப் புகைக்கூட்டில் காயவைப்பது, நடுவில் புருஷனைத் திருப்பிப் படுக்கவைப்பது. எட்டு வருஷம் இப்படிப் போயிற்று. எட்டாவது வருஷம் அவுதா போய்ச் சேர்ந்தான். அன்றைக்கு அவள் அழுததைவிடத் தூங்கியது அதிகம் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். சொல்பவர்களுக்கு என்ன, அவர்கள் யாரும் ஒரு ஆண்பிள்ளையை எட்டு வருஷம் தூக்கி உட்காரவைத்ததில்லை.

இதற்கெல்லாம் மேலே, சரிவின் உச்சியில், உலகன்னான் இருந்தார். அவர் வீட்டுக்கு அப்புறம் பாறைதான்.

சண்டை ஒரு நடைபாதைக்காக வந்தது. உலகன்னானின் நிலத்து ஓரமாக அவுதாவின் வீட்டுக்குப் போகும் ஒற்றையடிப் பாதை. ஒருநாள் அவர் அதில் முள்வேலி போட்டார். அவுதா கோர்ட்டுக்குப் போனான், ஜெயித்தான். ஜெயித்தவன் சும்மா இருந்திருக்கலாம். தீர்ப்பு வந்த அன்று நாலு பேரைக் கூட்டிக்கொண்டு, அந்தப் பாதையில் வெடி போட்டுக்கொண்டு நடந்தான். அதோடு உறவு முடிந்தது. அன்றிலிருந்து உலகன்னான் வளர்த்த நாய்க்கு அவுதா என்று பேர். காலையில் பல் விளக்கிக்கொண்டே, கீழே கேட்கும்படி, "எடா அவுதா, எச்சில் வெச்சிருக்கேன், வந்து நக்குடா" என்பார். ஒரு நாய் செத்தால் அடுத்த நாய்க்கும் அதே பேர். புருஷன் செத்த பிறகும் ஏலிக்குட்டிக்கு அந்தக் குரல் தினமும் கேட்டது.

நாய்க்குப் பேர் வைத்ததைக்கூட விட்டுவிடலாம். மகள் விஷயத்தை எப்படி விடுவது?

கொச்சுராணி ஒரே மகள். நெடுநெடு என்று உயரம், கறுப்பு, இடது கண்ணில் லேசாக ஒரு மாறுகண். தையல் தெரியும், ஊரில் பிள்ளைகள் கோயிலில் முதல் நன்மை வாங்கும்போது போடும் வெள்ளைக் கவுன்களில் பாதி அவள் தைத்தது. இருபத்துமூன்று வயதில் பூஞ்ஞாறு பக்கத்திலிருந்து ஒரு பையன் அமைந்தான். பெண் பிடித்திருந்தது, நாள் குறிக்கவேண்டியதுதான் பாக்கி. வழக்கப்படி பையனின் மாமா அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்தார். மேலே உலகன்னான் வீட்டுக்கு ஏறிப்போய், கட்டன்காப்பி குடித்து, இறங்கி வந்தவர் ஏலிக்குட்டி வீட்டுப் பக்கம் திரும்பாமலே போய்விட்டார். அம்மா வழியில் பைத்தியம் உண்டு என்று மேலே சொன்னார்களாம். ஏலிக்குட்டியின் தம்பிக்குச் சின்ன வயதில் மூளைக்காய்ச்சல் வந்து ஒரு மாதம் பிதற்றிக்கொண்டு திரிந்தான். அதைத்தான் உலகன்னான் பிடித்து இழுத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு இரண்டு இடம் வந்தது. பார்த்தார்கள், பலகாரம் சாப்பிட்டார்கள், போனார்கள். ஒன்றும் சொல்லி அனுப்பவில்லை. கொச்சுராணி கண்ணாடியைப் பார்த்துத் தானே ஒரு முடிவுக்கு வந்தாள். இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு. இனி யாரையும் கூட்டிவரவேண்டாம் என்று தரகரிடம் அவளே சொல்லிவிட்டாள்.

ஏலிக்குட்டி ஒவ்வொரு மாதமும் பாவசங்கீர்த்தனக் கூண்டில் முழங்கால் போட்டு, ஓர் ஆளை வெறுக்கிறேன் என்று சாமியாரிடம் சொல்லுவாள். அச்சன்மார் மாறினார்கள், அவள் பாவம் மாறவில்லை. கர்த்தர் கற்பித்த ஜெபத்தில் மன்னிப்பு வரும் இடத்தில் மட்டும் வாயை மூடிக்கொள்வாள்; பொய் சொல்லக்கூடாதே என்றுதான். ஆனால் பகையைச் சுமக்கவும் உடம்பில் தெம்பு வேண்டுமல்லவா? அவுதா போன பிறகு ஒருநாள் அந்த வரியையும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். புண்ணியம் ஏறிப்போய்ச் சொன்னதல்ல. அலுத்துப்போய்ச் சொன்னாள். கடவுளுக்கு அலுப்பில் வந்த மன்னிப்பும் செல்லும் என்றுதான் நினைத்தாள்.

அப்படியிருக்க, போன ஐப்பசியில் உலகன்னானின் மனைவி திரேசா செத்துப்போனாள். கனடாவிலிருந்து மகன் வந்தான், அடக்கத்தை வீடியோ எடுத்தான், பத்தாம் நாள் போய்விட்டான். கிழவர் தனியாக இருந்தார். சமைக்க வந்த இரண்டு பெண்கள் அவர் வாய்க்குப் பயந்து நின்றுவிட்டார்கள்.

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன், பெசகா வியாழன், வந்தது. எல்லா வீட்டிலும் புளிக்காத மாவில் அப்பம் அவித்து, குருத்தோலை ஞாயிறன்று கொண்டுவந்த ஓலையில் ஒரு சிலுவை செய்து அதன்மேல் பதித்து, சாயங்கால ஜெபத்துக்குப் பிறகு வீட்டில் மூத்தவர் வெட்டி, வயது முறைப்படி கொடுப்பார். இரண்டு கையும் ஏந்தி வாங்கவேண்டும். ஒரு பொடி கீழே விழக்கூடாது. சாவு விழுந்த வீட்டில் மட்டும் வருஷம் திரும்பும்வரை அப்பம் அவிப்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் கொண்டுபோய்க் கொடுக்கவேண்டும். அதில் சிலுவை வைப்பதில்லை, வாங்குகிற வீட்டார் தங்கள் வீட்டு ஓலையை வைத்துக்கொள்வார்கள்.

உலகன்னானுக்குப் பக்கத்து வீடு ஒன்றே ஒன்றுதான்.

ஏலிக்குட்டி அரிசியும் உளுந்தும் அரைத்ததைப் பார்த்ததுமே கொச்சுராணிக்கு விளங்கிவிட்டது. இரண்டு பேர் இருக்கும் வீட்டில் எதற்கு இத்தனை மாவு? தையல் மெஷினை நிறுத்திவிட்டு அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

"மேல கொண்டு போறீங்களா?"

ஏலிக்குட்டி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். திரேசா போன வருஷம் இது, கொடுக்காமல் இருந்தால் நன்றாக இருக்காது என்று முணுமுணுத்தாள்.

"அப்பா செத்த வருஷம் அவர் வீட்லேர்ந்து வந்துச்சா? நாம ரெண்டு பேரும் மரச்சீனிக் கெழங்க அவிச்சுத் தின்னுட்டுப் படுத்தோம். மறந்து போச்சா அம்மச்சி?"

மறக்கவில்லை. அந்த வருஷம் இருட்டும்வரை வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தது ஏலிக்குட்டிதான். திரேசா வரப் புறப்பட்டதும், உலகன்னான் கதவை அடைத்ததும் பிறகு காதில் விழுந்தது.

கொச்சுராணி சத்தம் போடவில்லை. அவளுக்குச் சத்தம் போடும் வழக்கம் இல்லை, அப்பன் வாரிசு. "நாய்க்குப் பேர் வெச்சதுக்கு நீங்க மன்னிங்க. வேலி கட்டினதுக்கு மன்னிங்க. அது உங்க கணக்கு. எனக்குச் செஞ்சத மன்னிக்க நீங்க யாரு? நான் உங்ககிட்ட அத ஒப்படைச்சேனா?"

கேள்வி நியாயமானதுதான். ஏலிக்குட்டி தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தாள், ஓடு வந்தும் துருவினாள்.

"போனீங்கன்னா இந்த வீட்ல நான் அப்பத்துக்கு உக்கார மாட்டேன். பாலா டவுன்ல தையக்கடைக்காரம்மா மாடியில ரூம் இருக்குன்னு ஆறு மாசமா கூப்பிடுது. ஈஸ்டர் கழிஞ்சு போயிருவேன்."

பெசகா அப்பத்துக்கு உட்காரமாட்டேன் என்பது சோறு வேண்டாம் என்பதுபோல அல்ல. இந்த வீடு என் வீடு இல்லை என்று சொல்வது. ஏலிக்குட்டி இந்த ஒருத்திக்காகத்தான் இத்தனை வருஷம் மரத்துக்கு மரம் குனிந்தாள். கிழவர் பட்டினி கிடந்தால் கிடக்கட்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்தாள். இரண்டு நிமிஷம்கூட நினைத்தாள். ஆனால் மாவு அரைத்தாயிற்று. அரைத்த மாவைப் பார்க்கப் பார்க்க, அப்பம் வராத வாசலும் அன்றைய இருட்டும்தான் ஞாபகம் வந்தன. அதை இன்னொரு ஆள் உட்கார்ந்து பார்ப்பது, அந்த ஆள் எவனாக இருந்தாலும், அவளுக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு அப்பமும் வெந்ததும் தனித்தனியாக வாட்டிய வாழையிலையில் மூடி, நாரால் கட்டினாள். தேங்காய்ப்பாலில் வெல்லம் காய்ச்சியதைத் தூக்குப் பாத்திரத்தில் ஊற்றினாள். ஒரு பொதியை எடுத்துக்கொண்டு, மகள் முகத்தைப் பார்க்காமல் புறப்பட்டாள். வெயில் தாழ்ந்திருந்தது. மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். புண்ணிய காரியத்துக்குப் போகிறவளுக்கு வரும் நிம்மதி ஒன்றும் அவளுக்கு வரவில்லை. முழங்கால்தான் வலித்தது.

நாய் குரைத்தது. உள்ளேயிருந்து உலகன்னான், பழக்கதோஷத்தில், "அவுதா, சும்மா கிட" என்றார். சொன்னபிறகு வாசலில் நிற்பவள் யார் என்று பார்த்தார்.  நாய் வாலை ஆட்டிக்கொண்டு ஏலிக்குட்டியை முகர்ந்தது.

ஆள் பாதியாகியிருந்தார். சட்டையில் ஒரு பொத்தானும் இல்லை. மேஜைமேல் கட்டன்காப்பியில் ஊறிய ரொட்டித்துண்டு ஒன்று கிடந்தது, எறும்பு வந்திருந்தது.

"நான் தனியாக் கிடக்குறதப் பாத்து சந்தோஷப்பட வந்தியா?"

"அப்பம் கொண்டாந்திருக்கேன் சேட்டா."

"விஷம் வெச்சிருக்கியா?"

"வெக்கறதுன்னா பதினஞ்சு வருஷத்துக்கு முன்னாடி வெச்சிருக்கணும். இப்ப வெச்சு என்ன ஆகப்போவுது?" கேட்காமலே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள், நிற்க முடியவில்லை. "எனக்கு மட்டும் ஆசையா? நடுவுல வேற ஒரு வீடு இருந்திருந்தா, இந்த முழங்கால வெச்சுக்கிட்டு நான் ஏன் ஏறி வரேன்?"

இந்தப் பேச்சு கிழவருக்குப் பிடித்திருந்தது போலும். இனிக்க இனிக்கப் பேசியிருந்தால் துரத்தியிருப்பார். வேண்டாம் என்றார், யார் வீட்டு அப்பமும் வேண்டாம் என்று இன்னொரு தடவையும் சொன்னார், ஆனால் மேஜையிலிருந்த ரொட்டியை ஓரமாகத் தள்ளினார். ஏலிக்குட்டி நாரை அவிழ்த்து இலையை விரித்தாள்.

அப்பத்தின்மேல் ஓலைச் சிலுவை இருந்தது.

 மகளின் பேச்சு தலைக்குள் சுற்றிக்கொண்டிருக்க, தன் வீட்டு அப்பத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். வீட்டுக்கு ஒன்றுதான் சிலுவை அப்பம். அவுதாவின் வீட்டு அப்பம் உலகன்னானின் மேஜையில் கிடக்கிறது. கிழவரும் பார்த்துவிட்டார். அவர் சிரித்தார். பல மாதம் கழித்துச் சிரிக்கிறவர்போல, இருமலோடு சிரித்தார்.

"வீட்டையே கட்டிக் கொண்டாந்துட்டியே ஏலிக்குட்டி. அவுதா இருந்தா உன்ன வெட்டியிருப்பான்."

இறங்கிப்போய் மாற்றி எடுத்துக்கொண்டு மறுபடியும் ஏறவேண்டும். அதை நினைத்ததும் ஏலிக்குட்டிக்கு அழுகை வந்தது. துக்கத்தில் வந்ததல்ல, வெறும் அயர்ச்சி. அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நாய் மறுபடி குரைத்தது. முற்றத்தில் கொச்சுராணி நின்றாள், கையில் மற்ற அப்பம். வீட்டில் கிடந்தது சிலுவையில்லாதது என்று கண்டதும் ஒரே ஓட்டமாக ஏறி வந்திருக்கிறாள். பதினைந்து வருஷமாக இந்த முற்றத்தை மிதிக்காதவள். வராந்தாவில் ஏறவில்லை. அம்மாவை மட்டும் பார்த்துப் பேசினாள்.

"எழுந்திரிங்க அம்மச்சி. நம்மளத எடுங்க. இத அங்க வைங்க."

உலகன்னான், எடுத்துக்கொண்டு போகட்டும், எனக்கு வேண்டாம் என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஏலிக்குட்டி இலையை இழுத்தாள், வரவில்லை. இலையின் ஓரத்தில் அவர் கை இருந்தது. வேண்டாம் என்று வாய் சொல்லிக்கொண்டிருக்க, கை இலையை விடவில்லை. அதைக் கொச்சுராணியும் பார்த்தாள். பார்த்ததால்தானோ என்னவோ, போய்விடாமல் கேட்டாள்.

"அன்னிக்கு அவங்ககிட்ட நீங்க என்ன சொன்னீங்க?"

சேட்டன் என்றும் சொல்லவில்லை, மாமா என்றும் சொல்லவில்லை. உலகன்னான் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"என்னிக்கு? மூணு தடவ வந்தாங்கல்ல."

"மூணு தடவயா?"

"பூஞ்ஞாறுக்காரன். அப்புறம் தொடுபுழேலேர்ந்து ஒரு வாத்தியார். மூணாவது பட்டாளத்துல இருந்த பையன், அவனோட அப்பன் வந்தாரு. உன்ன அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சாம், என்ன ஆனாலும் கட்டுறேன்னு நின்னானாம். அப்பன்தான் அரண்டு போனாரு." பாவம் அறிக்கையிடும் குரலில்லை அது, மழை பெய்த வருஷங்களைச் சொல்வதுபோலச் சொன்னார். "மூணு பேருகிட்டயும் பைத்தியக் கதைதான். உங்கப்பன் கோர்ட்ல ஜெயிச்சான். வெடி போட்டு நடந்தான். என் கையில வேற என்ன இருந்துச்சு?"

ஏலிக்குட்டி எழுந்துவிட்டாள். முழங்கால் வலி எங்கே போயிற்றென்று தெரியவில்லை. ஒன்றுக்குத்தான் அவள் அத்தனை வருஷம் ஜெபித்து, அலுத்து, மன்னித்திருந்தாள். இன்னும் இரண்டு இருந்தது அவளுக்குத் தெரியாது. கிழவரின் கையைத் தட்டிவிட்டு இலையோடு அப்பத்தைப் பிடுங்கினாள். கட்டன்காப்பி கவிழ்ந்தது.

"பட்டினி கிடந்து சாவு. உன் வாயில எறும்பு போகட்டும். நாய்கூட உன்ன விட்டுட்டுப் போகட்டும்." அவள் வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அவளே கேட்டதில்லை. "வா கொச்சே, போகலாம்."

கொச்சுராணி நகரவில்லை. முற்றத்தில் நின்று எதையோ கணக்குப் போடுகிறவள்போல இருந்தாள்.

"பட்டாளத்துக்காரனுக்குப் பிடிச்சிருந்துச்சா?"

"பிடிச்சிருந்துச்சுன்னுதான் அப்பன் சொன்னாரு."

"கண்ணு இப்படி இருந்துமா?"

"கண்ணப் பத்தி யாரும் ஒண்ணும் கேக்கல."

பதினைந்து வருஷமாக ஒருத்தி கண்ணாடி முன்னால் நின்று, இந்தக் கண்தான், இந்தக் கறுப்புதான், என்னைப் பார்த்தவர்களுக்கு வேண்டாம் என்று தோன்றியதற்கு நான்தான் காரணம் என்று தினமும் தன்னையே தள்ளிவைத்திருக்கிறாள். அதை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது ஒரு கெட்ட கிழவர், வருத்தமே இல்லாமல், அது அவள் குற்றமில்லை என்று சொல்லிவிட்டார். கொச்சுராணி வராந்தாவின் படியில் உட்கார்ந்து அழுதாள். ஏலிக்குட்டி அவளை அணைக்கப் போனாள். அவள் அம்மாவின் கையிலிருந்த அப்பத்தைத்தான் வாங்கினாள்.

உள்ளே போய், கவிழ்ந்த காப்பியைத் துடைத்துவிட்டு, சிலுவை அப்பத்தை மேஜையில் வைத்தாள், மற்றதை ஓரமாக வைத்தாள். அடுக்களையிலிருந்து ஒரு கத்தி எடுத்துவந்து உலகன்னான் முன்னால் வைத்தாள். அங்கே மூத்தவர் அவர்தான். முறைப்படி அவர் வெட்டிக் கொடுக்கவேண்டும், மற்றவர்கள் கையேந்தி வாங்கவேண்டும். அவர் கத்தியை எடுத்தார். கொச்சுராணி கொஞ்ச நேரம் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு கத்தியைத் தன் கைக்கு வாங்கிக்கொண்டாள்.

"உங்க கையால வாங்க எனக்கு மனசு வரல. இனியும் வருமான்னு தெரியாது. ஆனா தர முடியும்னு நெனக்கிறேன்."

மூத்தவர் இருக்க இளையவள் அப்பம் வெட்டுவது அந்தச் சரிவில் எந்த வீட்டிலும் நடவாத காரியம். சிலுவையை எடுத்து ஓரமாக வைத்தாள். ஒரு துண்டு வெட்டி, வெல்லப்பாலில் தோய்த்து நீட்டினாள். உலகன்னான் இரண்டு கையும் ஏந்தினார். வாயில் போட்டார், மெல்லத் தெரியாதவர்போல வைத்துக்கொண்டிருந்தார். பிறகுதான் அவருக்கு அழுகை வந்தது. திரேசா செத்தபோதுகூட அவர் இப்படி அழுததாக யாரும் பார்க்கவில்லை. கொச்சுராணி அவரைத் தேற்றவில்லை, அடுத்த துண்டை வெட்டினாள்.

"அம்மச்சி, கை நீட்டுங்க."

ஏலிக்குட்டி நீட்டினாள்.  மன்னிப்போடு மலையேறி வந்தவள் அவள், இப்போது அவளிடம் ஒரு துளி இல்லை. மன்னிக்கமாட்டேன் என்று நின்ற மகள் அப்பம் கொடுக்கிறாள். துண்டு வாயில் கிடந்தது. பாலைக் குடித்து விழுங்கினாள். கடைசியில் கொச்சுராணி தனக்கு ஒரு துண்டு வெட்டிக்கொண்டு, நின்றபடியே சாப்பிட்டாள்.

"ஈஸ்டர் கழிஞ்சு பாலாவுக்குப் போகத்தான் போறேன் அம்மச்சி. கோவத்துல இல்ல. எனக்குப் போகணும்போல இருக்கு."

சரி என்று ஏலிக்குட்டி தலையசைத்தாள். மகள் போவாள். அவள் இருப்பாள், மேலே இந்த ஆள் இருப்பார், நடுவில் வேறு வீடு கிடையாது. அதை நினைத்தபோது அவளுக்கு மறுபடியும் முழங்கால் வலித்தது.

கொச்சுராணி முன்னால் இறங்கிப் போனாள். ஏலிக்குட்டி படியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு காலாக முற்றத்தில் வைத்தாள். கிழவரின் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பிடிக்கவில்லை, திரும்பாமலே சொன்னாள்.

"நாளைக்கு நான் வரமாட்டேன்."

"வர வேணாம்" என்றார் உலகன்னான்.

பாதை வரைக்கும் போனாள். அங்கே நின்று மூச்சு வாங்கினாள்.

"சனிக்கிழம பாப்போம்."